விடுதிச் சமையற்கூடத்தின் பச்சை விளக்கு

தமிழிலக்கியம் பயின்றவர்களை ஒரு கருவியைப் பற்றி எழுதச் சொன்னால் யாழைப் பற்றி எழுதுவார்கள். மிஞ்சிப்போனால் ஏற்றத்தைப் பற்றியோ செக்கைப் பற்றியோ எழுதுவார்கள். நாங்கள் எழுத முற்பட்டிருப்பது எங்கள் கல்லூரி விடுதியின் சமையற்கூடச் சுவரில், முழங்கால் உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறி அமர்ந்திருக்கும் ஓர் உலோகப் பெட்டியைப் பற்றி. எரிவாயு கசிந்தால் அலற வேண்டியது அதன் வேலை. விடுதியில் அதற்கு வழங்கும் பெயர் 'கேஸ் டிடெக்டர்'. தலைமைச் சமையற்காரர் மட்டும் 'அழுவுற பொட்டி' என்பார்.

'நாங்கள்' என்பது தமிழ்த்துறையைச் சேர்ந்த இருவர். பதினேழு ஆண்டுகளாக எதிரெதிர் மேசைகளில் அமர்ந்திருப்பவர்கள். 2022 ஜூன் மாதம் எங்கள் இருவரையும் ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளர்களாக நியமித்தார்கள். இதில் சொல்லப்போகும் தவறு இருவரும் சேர்ந்தே செய்தது. ஆகவே பன்மையிலேயே எழுதுகிறோம்.

பொறுப்பேற்ற அன்று ஒரு பதிவேட்டை எங்கள் முன் வைத்தார்கள். அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி என்று நீண்ட பட்டியலின் கடைசியில் 'எரிவாயு கசிவு உணரி, 4 எண்ணம், நல்ல நிலையில்' என்றிருந்தது. நாங்கள் சென்று பார்த்தோம். நான்கிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையொப்பமிட்டோம். அடுத்த மாதமும் பார்த்தோம், பச்சை விளக்கு எரிந்தது, கையொப்பமிட்டோம். அதற்கடுத்த மாதம், உண்மையைச் சொன்னால், போய்ப் பார்க்கக்கூட இல்லை.

*

2023 நவம்பரில் ஒரு மழைநாள். விடியற்காலை நாலரை மணிக்குச் சமையற்காரர் இட்லிக்கு அடுப்பு மூட்ட வந்திருக்கிறார். சிலிண்டர் அறைப் பக்கம் நெடி. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர்கள் எட்டு அந்த அறையில் இரண்டு வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றைப் பொதுக்குழாயோடு இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. அவர் செய்தவை நான்கு. பின்னால் வந்த உதவியாளன் விளக்கைப் போடப் போனபோது அவன் கையைத் தட்டிவிட்டார். இருட்டிலேயே தடவிச் சென்று வால்வுகளை மூடினார். கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்தார். பிறகு எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குத் தொலைபேசினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். மழைக்காற்று உள்ளே வீசியும் நெடி முழுதாகப் போகவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சமையற்கூடத்துக்கு மேலே இரண்டு தளங்களில் நூற்றெண்பது மாணவர்கள் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டி அழவே இல்ல சார்," என்றார் சமையற்காரர். "நான்தான் மோந்து கண்டுபிடிச்சேன். எனக்கு ஜலதோஷம் புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

நாங்கள் சிலிண்டர் அறையை எட்டிப் பார்த்தோம். சுவரில் அந்தப் பெட்டி இருந்தது. அதன் பச்சை விளக்கு, வழக்கம்போல, அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

அன்று காலை துறைக்குத் திரும்பியதும் பதிவேட்டைப் புரட்டினோம். 17 மாதங்கள். நான்கு கருவிகள். ஆக 68 முறை 'நல்ல நிலையில்' என்று எழுதி எங்கள் பெயர்களை இட்டிருக்கிறோம். பொய் சொல்கிறோம் என்ற உணர்வு ஒருமுறைகூட இல்லாமல் சொன்ன 68 பொய்கள்.

*

இரண்டு நாள் கழித்து ஓர் இளைஞர் வந்தார். கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். தோள்பையிலிருந்து ஒரு சிறு உருளையை எடுத்தார். காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு புரொப்பேன் கலந்த வாயு அதில் இருந்தது. அந்த அளவில் அது தீப்பிடிக்காது. ஆனால் கருவி அதை உணர்ந்தே ஆக வேண்டும். உருளையின் குழாய் முனையில் ஒரு ரப்பர் குவளை. அதை உணரியின் முகத்தில் கவிழ்த்துத் திருகைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் வாயு செல்லும் மெல்லிய சீறல் கேட்டது. பத்து விநாடி, இருபது, முப்பது, ஒரு நிமிடம். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"செத்துப்போச்சு சார்," என்றார்.

"விளக்கு எரிகிறதே தம்பி?"

"அது கரண்ட் வருதுன்னு காட்டுற லைட் சார். உசுரு இருக்குன்னு காட்டுற லைட் இல்ல."

இந்த வாக்கியத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அவர் பெட்டியைப் பிரித்துக் காட்டி விளக்கியதை எங்களுக்குப் புரிந்த மட்டில் சொல்கிறோம். உணரிக்குள் கடுகளவு மணிகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் மயிரிழைபோன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள். மின்சாரம் இந்தச் சுருளை ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறது. ஒரு மணியின் மேல் பலேடியம் போன்ற வினையூக்கி பூசப்பட்டிருக்கும். மற்றதில் அது இராது. எரிவாயு உள்ளே நுழைந்தால் வினையூக்கி பூசிய மணியின் மேல் அது சுடரில்லாமல் எரிகிறது. அந்த மணி இன்னும் சூடேறுகிறது. சூடேறினால் கம்பியின் மின்தடை கூடும். இரண்டு மணிகளுக்கும் இடையே தோன்றும் அந்த வேறுபாட்டை அளந்தால் காற்றில் வாயு எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். காற்றின் வெப்பமோ ஈரமோ மாறினால் இரண்டும் ஒன்றாக மாறும்; ஆகவே அவை கணக்கில் வாரா. இரண்டாவது மணி ஒன்றையும் உணராது. உணர்வதற்கு ஒப்புநோக்காக நிற்பதே அதன் பணி.

சமையல் எரிவாயு காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். அந்தக் கீழெல்லையில் ஐந்தில் ஒரு பங்கை எட்டியதுமே கருவி அலறும்படி வைப்பது வழக்கம். வியப்பு என்னவென்றால், எரிவாயுவில் மெர்காப்டன் என்னும் நெடிப்பொருளைச் சேர்ப்பவர்களும் இதே ஐந்தில் ஒரு பங்கைத்தான் குறியாகக் கொள்கிறார்கள். அந்த அளவை எட்டுவதற்குள் மனித மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, கருவியும் சமையற்காரரின் மூக்கும் ஒரே எல்லையில் நிறுத்தப்பட்ட இரு காவலர்கள். அன்று ஒருவர் விழித்திருந்தார்.

*

உணரி எப்படிச் செத்தது என்று கேட்டோம். இளைஞர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சன்னல் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டார். "இது எப்போ அடிச்சது?" அந்த ஆண்டு மே மாதம், விடுமுறையில், சமையற்கூடத்தைச் செப்பனிட்டபோது கண்ணாடி ஓரங்களிலும் பாத்திரம் கழுவும் தொட்டியைச் சுற்றியும் சிலிக்கான் பசை பூசியிருந்தார்கள். அந்தப் பசையிலிருந்து எழும் ஆவி சூடான மணியின் மேல் பட்டால் மணல் போன்றதொரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அதன்பின் வாயு வினையூக்கியைத் தொட முடியாது. கம்பி அறுந்தால் கருவி தானே பழுதென்று காட்டிவிடும். இந்த நஞ்சு கம்பியை அறுப்பதில்லை. மின்சாரம் பாயும், மணி சூடாக இருக்கும், விளக்கு எரியும். உணர்ச்சி மட்டும் போயிருக்கும்.

இரண்டாவது கருவி சமையற்கூடத்தின் மேற்கூரையை ஒட்டி மாட்டப்பட்டிருந்தது. அது உயிரோடுதான் இருந்தது. குவளையை வைத்ததும் அலறியது. ஆனால் சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. நீரைப்போலத் தரையில் பரவிப் பள்ளம் தேடும். மீத்தேன்தான் மேலே எழும். மீத்தேனுக்கு மாட்ட வேண்டிய இடத்தில் இதை மாட்டியிருந்தார்கள். காவலன் விழித்திருந்தான், ஆனால் திருடன் வராத வாசலில் நின்றான்.

நான்காவதைப் பிறகு சொல்லிவிடுகிறோம். மூன்றாவதுதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. அடுப்பு வரிசைக்குக் கீழே இருந்த அந்தக் கருவியின் முகத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை இறுகக் கட்டப்பட்டிருந்தது. உறையின் வழியே பச்சை விளக்கு மங்கலாகத் தெரிந்தது. இளைஞர் சமையற்காரரைப் பார்த்தார். சமையற்காரர் எங்களைப் பார்த்தார். அவர் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு நினைவு வந்தது.

2023 பிப்ரவரியில் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக்குழு வந்திருந்தது. குழு உணவருந்திக்கொண்டிருந்த நேரத்தில் இந்தக் கருவி அலறியது. நாங்கள் பதறிப்போய் உள்ளே சென்று, "மாஸ்டர், குழு போகிறவரை இந்தச் சத்தம் கேட்கக் கூடாது" என்றோம். ஏன் அலறுகிறது என்று கேட்கவில்லை. அவர் ஓர் உறையை எடுத்துக் கட்டினார். சத்தம் நின்றது. குழு போயிற்று. உறை ஒன்பது மாதமாக அங்கேயே இருந்தது. எங்கள் கையொப்பங்களும் தொடர்ந்தன.

அன்று அது எதற்காக அலறியது என்பதை இனி அறிய வழியில்லை. தரை துடைக்கும் ஸ்பிரிட்டாக இருக்கலாம். சிறு கசிவாகவும் இருந்திருக்கலாம்.

நான்காவது உயிரோடு இருந்தது. ஆனால் மெல்ல விழித்தது. உணரியின் வாயில் துளைகள் நிறைந்த உலோகத் தகடு ஒன்றுண்டு. வாயு உள்ளே போகலாம். உள்ளே எரியும் வெப்பம் வெளியே வந்து தீ மூட்டக் கூடாது என்பதற்காக. 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளருக்காகச் செய்த பாதுகாப்பு விளக்கில் சுடரைச் சுற்றிக் கம்பிவலை அமைத்தாரே, அதே தத்துவத்தின் வழித்தோன்றல்தான் இது. எங்கள் தகட்டின் துளைகளில் தாளிப்பு எண்ணெய் ஏறி அடைத்திருந்தது.

*

இளைஞர் இரண்டாம் முறை வந்து, செத்துப்போன உணரியை மாற்றி, மேலே இருந்ததைக் கீழே இறக்கி, தகட்டைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் 'காலிபரேட்' செய்தார். அருகில் நின்று கற்றுக்கொண்டோம். இந்தச் சொல்லுக்கு அளவுத்திருத்தம் என்கிறார்கள். சமையற்காரர் உடனே புரிந்துகொண்டார்: "எடைக்கல்லுக்கு முத்திரை போடுற மாதிரி." அதைவிட நல்ல விளக்கம் எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் பூஜ்யம் வைக்க வேண்டும். தூய காற்றில் கருவியை நிறுத்தி, 'இதுதான் ஒன்றுமில்லாத நிலை' என்று அதற்குச் சொல்வது. பிறகு அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து, 'இதுதான் இவ்வளவு' என்று சொல்வது. இவ்வளவுதான் காரியம். ஆனால் பூஜ்யம் வைக்கும்போது காற்றில் கொஞ்சம் வாயு கலந்திருந்தால்? "அந்தக் கசிவையே அது சுத்தம்னு நினைச்சுக்கும் சார். அப்புறம் அந்த அளவுக்கு வாயே திறக்காது," என்றார் இளைஞர். ஆகவே அடுப்புகளை அணைத்து, சன்னல்களைத் திறந்து, வெகுநேரம் காத்திருந்தார். தேவைப்பட்டால் பூஜ்யத்துக்கென்றே தூய காற்று அடைத்த உருளையும் உண்டாம்.

எந்த வாயுவைக் காக்க வேண்டுமோ அந்த வாயுவால் திருத்துவதே நல்லது என்றார். மீத்தேனால் திருத்திய கருவி புரொப்பேனை உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சிகரெட் லைட்டரின் வாயுவைப் பீய்ச்சிச் சோதிப்பது கூடாது. அளவு தெரியாத அந்த வெள்ளம் உணரியையே கெடுத்துவிடக்கூடும். எங்கள் இரவுக் காவலர் நெடுநாள் அப்படித்தான் செய்துவந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம். இன்னொன்று: இந்த வகை உணரி எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். அறை முழுக்க வாயு நிறைந்துவிட்டால் எரிய ஆக்சிஜன் போதாமல் எண் கீழே இறங்கும். பேரபாயத்தின் நடுவில் கருவி அமைதியாகிவிடும்.

இதையெல்லாம் கேட்டபின் எங்களுக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளியைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. 1937 மார்ச் 18. அந்தப் பள்ளி பயன்படுத்திய இயற்கை எரிவாயுவுக்கு நெடி கிடையாது. கட்டடத்தின் அடியில் கசிந்து நிறைந்தது யாருக்கும் தெரியவில்லை. தொழிற்பயிற்சி அறையில் ஒரு மின்கருவியை இயக்கியபோது தெறித்த பொறியில் பள்ளியே மேலெழுந்து விழுந்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நெடிப்பொருள் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. நவம்பர் மழையில் எங்கள் சமையற்காரர் முகர்ந்த நெடி அந்தக் குழந்தைகள் விட்டுச்சென்றது என்று நினைக்கிறோம்.

*

இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். எங்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

முதலாண்டு மாணவர்களுக்குத் தொல்காப்பியம் நடத்தும்போது மாத்திரையைப் பற்றிச் சொல்வோம். எழுத்தின் ஒலிப்பளவுக்குத் தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாக வைத்தார். பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் விரலைச் சொடுக்கிக் காட்டியிருக்கிறோம். அது ஓர் அளவுத்திருத்தம் என்று இப்போதுதான் உறைத்தது. இன்று ஒலிக்கும் நாவை, நாவுக்கு வெளியே இருக்கும் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். தன்னைத் தன்னாலேயே அளந்துகொள்ள முடியாது என்பதே அதன் பொருள்.

இந்த எண்ணத்தில் 2024 பிப்ரவரியில் ஒரு காரியம் செய்தோம். மாதிரித் தேர்வு விடைத்தாள்கள் பத்தை எடுத்து, ஒருவர் இட்ட மதிப்பெண் மற்றவருக்குத் தெரியாமல் இருவரும் திருத்தினோம். ஒன்பதில் வேறுபாடு மூன்று நான்கு மதிப்பெண்ணுக்குள் அடங்கியது. பத்தாவது தாளுக்கு 75க்கு ஒருவர் 29 இட்டிருந்தார், மற்றவர் 41. தேர்ச்சிக்கு வேண்டியது 30.

இருவரும் அந்தத் தாளை மறுபடி வாசித்தோம். குறுந்தொகைப் பாட்டொன்றை விளக்க அந்த மாணவன் நாங்கள் கொடுத்த குறிப்புகளைத் தொடவே இல்லை. தன் ஊர்க் கிணற்றடியையும், வேலைக்கு வெளியூர் போன அண்ணனுக்காகக் காத்திருக்கும் அண்ணியையும் எழுதியிருந்தான். நடை பிழைமலிந்தது. ஆனால் பாட்டு அவனுக்குப் புரிந்திருந்தது. 29 இட்டவர் குறிப்பிலுள்ள சொற்களைத் தேடியிருக்கிறார். கிடைக்காததால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருக்கிறார். யார் 29 இட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த ஆண்டு அது மற்றவராக இருந்திருக்கும்.

ஆசிரியப் பணியில் நம்மை நஞ்சூட்டுபவை பெரிய தீமைகள் அல்ல. ஆண்டுதோறும் அதே குறிப்பு, அதே எடுத்துக்காட்டு, அதே நகைச்சுவை. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. வகுப்புக்குப் போகிறோம், சூடாகத்தான் பேசுகிறோம், சம்பளம் வருகிறது. விளக்கு எரிகிறது. உணர்கிறோமா என்பதை வெளியிலிருந்து யாராவது ஒரு குவளையைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். இப்போது ஒவ்வொரு பருவத்திலும் பத்துத் தாள்களை மாற்றித் திருத்திக்கொள்கிறோம். அந்த மாணவனுக்கு 41 கிடைத்தது. அவனுக்கு இக்கதை தெரியாது.

*

இப்போது திங்கட்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குச் சமையற்கூடத்துக்குச் செல்கிறோம். வாரம் ஒருமுறை வேண்டியதில்லை என்று இளைஞர் சொன்னார். 68 கையொப்பங்களுக்கு எங்களால் ஆன கழுவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை உருளையின் காலாவதித் தேதியைப் பார்ப்பது. பிறகு ஒவ்வொரு கருவியாகக் குவளையை வைத்து, விநாடியை எண்ணுகிறோம். ஆறு மாதத்துக்கொருமுறை இளைஞர் வந்து முழு அளவுத்திருத்தம் செய்கிறார். சுவரிலோ தொட்டியிலோ பசை, வண்ணம் எது பூசுவதானாலும் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம். கருவி தானாக அலறினால், அலறலை நிறுத்துவதற்கு முன் காரணத்தைத் தேடுவது என்பது சமையற்காரரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். எந்தக் குழு வந்திருந்தாலும்.

மேல்தளத்து மாணவர்கள் முறையிட்டார்கள். "திங்கக்கிழமை மட்டும் தூங்கவே விடமாட்டேங்கறீங்க சார்." எழுந்துவிட்டதற்கு மகிழ்ச்சி என்றோம். அவர்களுக்கு அது புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

பதிவேட்டையும் மாற்றிவிட்டோம். 'நல்ல நிலையில்' என்ற பத்தி இப்போது கிடையாது. தேதி, கருவி எண், வாயு கொடுத்தபின் எத்தனை விநாடி ஆயிற்று என்பவற்றுக்குப் பத்திகள் உண்டு. கடைசிப் பத்திக்கு என்ன தலைப்பிடுவது என்று இரண்டு தமிழாசிரியர்கள் அரைமணி நேரம் விவாதித்தோம். எதிர்வினை, துலங்கல், இயக்கநிலை என்று பலவும் சொல்லிப் பார்த்தோம். உளுந்து களைந்துகொண்டிருந்த சமையற்காரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அழுதுச்சா, அழலையான்னு எழுதுங்க சார். எனக்கும் படிச்சாப் புரியும்."

அப்படியே எழுதினோம். சென்ற திங்கட்கிழமைப் பதிவு: நான்கும் அழுதன. அதன் கீழே எங்கள் கையொப்பங்கள் இருக்கின்றன, மூன்றாவதாக அவருடையதும்.